ரெங்கசாமி–தங்கராஜா துணைத்தேற்றம்

ஜெயந்தினியைப் பத்தி நான் நிதானமாப் பேசுவேன்னு எதிர்பாக்காதீங்க. ரெண்டு பக்க நியாயத்தையும் பாத்துப் பேசுறவங்க இந்த ஊர்ல நிறையப் பேரு இருக்காங்க, வேணும்னா அவங்ககிட்ட கேட்டுக்குங்க. நான் விஜயலெட்சுமி, பதுளையில ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். ஸ்கூல்ல ஏ எல் படிக்கிற காலத்துல இருந்து அவ என் கூட்டாளி. அவளுக்கு நடந்ததை நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

அவ லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் புள்ள. அப்பா ரெங்கசாமி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவரு, அம்மா தனலெட்சுமி கொழுந்து எடுத்தவங்க. இப்ப அவ பதுளைக்குப் பக்கத்துல ஒரு கெம்பஸ்ல லெக்சரர். ஆனா லெக்சரர் வேலை வயித்துப் பொழைப்புக்கு. அவளோட உண்மையான வேலை இடத்தியல் ஆராய்ச்சி, இங்கிலீஷ்ல டொபொலொஜிம்பாங்க. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, யாராச்சும் "அது என்னா புள்ள?"ன்னு கேட்டா உடனே ரொட்டி மாவுல ஒரு உருண்டையை எடுத்துத் தட்ட ஆரம்பிச்சிருவா. இந்த மாவை இழுக்கலாம், வளைக்கலாம், மடிக்கலாம். பிய்க்கக் கூடாது, ஒட்டக் கூடாது. அப்படி என்ன செஞ்சாலும் மாறாம நிக்கிறது எதுன்னு பாக்கிறதுதான் இந்தப் படிப்பு. இது வரைக்கும் எல்லாருக்கும் விளங்கும். அப்புறம் அவ, "இப்ப இந்த ரொட்டி நாலு பரிமாண வெளியில இருக்குன்னு வச்சுக்குங்க, அதாவது நீளம் அகலம் உயரம் போக இன்னொண்ணு"ன்னு தொடங்குவா. தனலெட்சுமியம்மா மாவைப் புடுங்கிக் கல்லுல போட்டுருவாங்க.

ஆளைப் பாத்தா படிச்சவன்னே சொல்ல முடியாது. சாரி உடுத்தினா ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். பஸ்ல ஏறினா இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் இறங்குவா. ஒருக்கா பண்டாரவளைக்குப் போக வேண்டியவ, யோசனையிலயே பெரகல வரைக்கும் போய், அங்க கடையில வடையும் பிளேன்டியும் முடிச்சிட்டு, "நல்ல வேளைடி, இங்க வந்ததுல அந்த நிறுவல் சரியா வந்திருச்சு"ன்னு எனக்குப் போன் பண்ணினா. புள்ளைங்க எதிர்த்துப் பேசினா சிரிப்பா. விளங்காம விளங்கினதாத் தலையாட்டினா மட்டும் சாமியாடிருவா. கணக்குல பொய் சொல்ற மனுசன் ஒருத்தன் இருப்பாங்கிறதே அவ புத்திக்கு எட்டாத விஷயம். அதுதான் வினையா முடிஞ்சுது.

இப்ப மதுரனுக்கு வர்றேன். பதுளை பஜார்ல துணிக்கடை வச்சிருக்கிற தங்கராஜா மொதலாளியோட மகன். கெம்பஸ்ல நாங்க மூணு பேரும் ஒரே பெட்ச். எனக்குக் கணக்கு வரும், அவங்க ரெண்டு பேருக்கும் அது ஓடி வரும். ஜெயந்தினி கண்ணை மூடிக்கிட்டு "இது இப்படித்தான் இருக்கும்"னு சொல்லுவா, ஏன்னு கேட்டா அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவன் அதை வரி வரியா எழுதி, ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுவான். உடனே அவ அடைப்பா. இப்படி ரெண்டு பேரும் கேன்டீன் மேசையில மணிக்கணக்கா கத்திக்கிட்டு இருப்பாங்க. காதலான்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. இல்லை. காதலா இருந்திருந்தா ஒரு வருஷம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பா.

லீவுக்கு வர்றப்ப மதுரன் லுணுகலைக்கு பஸ் ஏறி லயத்துக்கே வந்திருவான். பதுளை மொதலாளி மகன் ஒருத்தன் லயத்து வீட்டுல பலகையில உக்காந்து, தேங்காச் சம்பலும் ரொட்டியும் கேட்டு வாங்கித் தின்னுட்டு, ரெங்கசாமியை "மாமா, மாமா"ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? ரெங்கசாமிக்கு நெஞ்சு நிமிந்திரும். "தம்பிக்கு இன்னொரு ரொட்டி போடு"ன்னு உள்ள பாத்து சத்தம் போடுவாரு. சும்மா சொல்லக் கூடாது, அப்ப அவன் நடிக்கல. அந்த ரொட்டியை அவன் ஆசையாத்தான் தின்னான்.

கெம்பஸ் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் சேந்து ஒரு துணைத்தேற்றத்தை, அதாவது பெரிய தேற்றத்துக்குப் படியா நிக்கிற சின்னத் தேற்றத்தை, நிறுவினாங்க. மறுபடியும் ரொட்டிக்கே வர்றேன், பொறுத்துக்குங்க. அந்த நாலு பரிமாண வெளியில ஒரு ரொட்டி தன்னைத் தானே ஊடுருவிக்கிட்டு நிக்குதுன்னு வைங்க. அதே ஓரத்தோட, ஆனா எங்கயும் தன்னை முட்டிக்காத ஒரு ரொட்டி கிடைக்குமா? பொதுவாக் கிடைக்காது. ஆனா ஒரு குறிப்பிட்ட வகை வெளியில எப்பவுமே கிடைக்கும்னு இவங்க சொன்னாங்க. நிறுவல்ல, அதாவது அது சரின்னு நிரூபிக்கிறதுல, ரெண்டு நிலை. முதல் நிலையை ஜெயந்தினி முழுசாச் செஞ்சா. எழுதினது மதுரன். ரெண்டாவது நிலைக்கு வந்தப்ப, "இரண்டாவது நிலையும் இவ்வாறே"ன்னு ஒரே வரி போட்டான். இவ பாத்திருப்பாள்னு அவன் நெனச்சான். அவன் பாத்துட்டுத்தானே எழுதியிருப்பான்னு இவ நெனச்சா. கணிதக்காரங்க உலகத்துல அடிக்கடி நடக்கிற பிழை இதுதான். அந்த வரியை ரெண்டு பேரும் அதுக்கப்புறம் திரும்பிக்கூடப் பாக்கல.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒண்ணுல வந்துச்சு. இங்க ஒரு சங்கதி. வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடும்பப் பேரு வேணும். நமக்கு ஏது குடும்பப் பேரு? அப்பா பேருதான். கணிதத்துல யாரு பெரிய ஆளு, யாரு கூட வேலை செஞ்சாங்கன்னெல்லாம் பாக்க மாட்டாங்க, இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படிதான் பேரு போடுவாங்க. அதனால அது ரெங்கசாமி–தங்கராஜா துணைத்தேற்றம் ஆயிருச்சு. பேச்சு வழக்குல அதையும் சுருக்கி, ரெங்கசாமி துணைத்தேற்றம்னே சொன்னாங்க. எங்கயோ ஐஸ் கொட்டுற நாட்டுல, யாரோ ஒரு வெள்ளைக்காரன் கரும்பலகை முன்னால நின்னு, "ரெங்கசாமி சொன்னபடி"ன்னு பேசுறான்! இங்க பெரட்டுக்களத்துல, வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துல, ரெங்கசாமி அரை நாள் பேருக்கு, அதான் அரை நாள் சம்பளத்துக்கு, கங்காணிகிட்ட மல்லுக்கு நிக்கிறாரு.

இதை ஜெயந்தினி சொன்னப்ப மனுசனுக்கு முதல்ல விளங்கல. விளங்கினதும் விடவே இல்ல. கவ்வாத்துக்குப் போற இடமெல்லாம் சொன்னாரு. கூட்டாளிங்க, "என்னா ரெங்கசாமி, ஒம் பேருல கணக்காமே, அப்ப எங்க சம்பளக் கணக்கையும் கொஞ்சம் பாரேன்"னு கேலி பண்ணுவாங்க. அவரு கோபிச்சுக்க மாட்டாரு. தங்கராஜா மொதலாளியை பஜார்ல பாத்தப்பகூட, "நம்ம பேரு ரெண்டும் ஒண்ணா இருக்குதுங்க"ன்னு சொல்லியிருக்காரு. மொதலாளி சிரிச்சிட்டு உடுத்திக்க ஒரு சாரம் எடுத்துக் குடுத்தாராம்.

அந்தத் துணைத்தேற்றத்தைக் காட்டித்தான் மதுரனுக்குக் கனடாவுல இடம் கிடைச்சுது. ஜெயந்தினிக்கு இந்தியாவுல ஸ்கொலர்ஷிப். அவ கலாநிதிப் பட்டம், அதான் பிஎச்டி, முடிச்ச நேரம் ரெங்கசாமிக்கு நெஞ்சுச் சளி முத்தி, மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வெளிநாட்டுக்குப் போக வந்த வாய்ப்பை விட்டுட்டு இங்க வந்து லெக்சரர் ஆயிட்டா. இங்க என்ன இருக்கு? சஞ்சிகை வாங்குற வசதி இல்ல, இடத்தியல் பேச ஒரு ஆள் இல்ல. ஒரு கட்டுரை வேணும்னா மதுரனுக்கு எழுதுவா, அவன் எடுத்து அனுப்புவான். யாரு எங்க என்ன பேசினாங்கங்கிற செய்தியெல்லாம் அவன் வழியாத்தான். வெளி உலகத்துக்கு அவளுக்கு இருந்த ஒரே ஆள் அவன்.

அவ அந்தத் துணைத்தேற்றத்து மேல ஒரு பெரிய தேற்றத்தைக் கட்ட ஆரம்பிச்சா. எட்டு வருஷம். கல்யாணப் பேச்சு வந்தப்பெல்லாம், "இது முடியட்டும்"னா. நான் கல்யாணம் முடிச்சு, ரெண்டு புள்ளை பெத்து, அதுகளும் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சிருச்சு. அவ இன்னும் "மூணாவது அத்தியாயம் இடிக்குதுடி"ன்னு நிப்பா. இடையில மதுரன் வேற துறைக்கு மாறிட்டான். ஏன்னு கேட்டதுக்கு, "அலுத்துப் போச்சு"ன்னானாம். ஆனா அவ வேலை எந்த அளவுல இருக்குன்னு விசாரிக்காம இருக்க மாட்டான். அவ போன்ல விளக்க விளக்க, "அருமை ஜெயந்தினி, செய், செய்"ம்பான். அந்த "செய், செய்"யை நான் பக்கத்துல இருந்து என் காதாலயே கேட்டிருக்கேன்.

வேலை முடிஞ்சுது. சென்னையில ஒரு சர்வதேச மாநாட்டுல அந்தத் தேற்றத்தைப் பத்திப் பேச அவளைக் கூப்பிட்டாங்க. "தனியாப் போக பயமா இருக்கு, வா"ன்னா. எனக்கு சாரி எடுக்கணும், கோயிலுக்குப் போகணும், சரின்னு கிளம்பிட்டேன். ரெங்கசாமி பஸ் வரைக்கும் மூச்சு வாங்க வந்து, "எம் பேரைச் சொல்லுறப்ப தெளிவாச் சொல்லு, வெள்ளைக்காரன் மாதிரி இழுக்காத"ன்னாரு.

அவ பேச்சு தேத்தண்ணி இடைவேளைக்குப் பிறகு. மண்டபத்துக்கு வெளிய எல்லாரும் கப்பும் கையுமா நிக்கிறாங்க. அங்க ஒரு புள்ள ஓடி வந்து, "நீங்க இலங்கைதானே? நானும்தான், அக்குறணை"ன்னா. பேரு முஹ்ஸினா. கனடாவுல, மதுரன் இருக்கிற கெம்பஸ்லயே ஆராய்ச்சி பண்ற புள்ள. நல்ல கலகலப்பு. இன்னைக்கு எதைப் பத்திப் பேசுறீங்கன்னு கேட்டா, ஜெயந்தினி சொன்னா. அந்தப் புள்ள முகம் சுருங்கிருச்சு.

"அப்ப ரெங்கசாமி துணைத்தேற்றம் இல்லாம நீங்க வேற வழி கண்டுபிடிச்சிட்டீங்களா அக்கா?"

"ஏன் வேற வழி? அதை வச்சுத்தானே எல்லாம்."

"அது... அது உடைஞ்சு போச்சே அக்கா."

ஜெயந்தினி சிரிச்சா. சத்தியமாச் சிரிச்சா. அந்தப் புள்ளைக்கு அழுகையே வந்திருச்சு. "எங்க கெம்பஸ்ல வயசான பேராசிரியர் ஒருத்தர் எதிர் உதாரணம் வச்சிருக்காரு. அவரு எதையும் எழுத மாட்டாரு, வாயாலயே சொல்லிட்டுப் போயிருவாரு. நான் அங்க போய்ச் சேந்த வருஷம், மதுரன் அண்ணாவே எங்க செமினார்ல அதைப் படம் போட்டுக் காட்டினாரு. அதுக்கு முந்தியே அவருக்குத் தெரியும்னு சொன்னாரு. ஆறு வருஷம் இருக்கும். உங்களுக்கு அவரு சொல்லலையா?"

"வரைஞ்சு காட்டு"ன்னா ஜெயந்தினி. முஹ்ஸினா அங்க கிடந்த பேப்பர்த் துண்டுல வரைஞ்சா. ஒரு வெளி, அதுக்குள்ள ஒரு வளையம். ஜெயந்தினி அதைப் பாத்தா. நான் ஜெயந்தினியைப் பாத்தேன். பெரிய விளக்கமெல்லாம் தேவைப்படல. "ரெண்டாவது நிலை"ன்னா மெதுவா. "இவ்வாறே"ன்னு எழுதின அந்த வரி. கையில இருந்த தேத்தண்ணியைக் கடைசி வரைக்கும் குடிச்சிட்டு, கப்பை வச்சிட்டு, உள்ள போனா. மயக்கம்னு சொல்லு, வயித்துவலின்னு சொல்லு, வா போயிருவோம்னு சாரியைப் புடிச்சு இழுத்தேன். உதறிட்டுப் போயிட்டா.

மேடையில ஏறி, துணைத்தேற்றத்தைப் பலகையில எழுதினா. அப்பா பேரை முழுசா, தெளிவாச் சொன்னா. மதுரன் அப்பா பேரையும் சொன்னா. அப்புறம், "இது பிழை. இப்ப கொஞ்ச நேரத்துக்கு முந்திதான் எனக்குத் தெரியும். நான் பேச வந்த தேற்றம் இதுக்கு மேல நிக்குது, அதனால அதுவும் என்கிட்ட இல்லை. பிழை எங்கங்கிறதை மட்டும் காட்டுறேன்"னு சொல்லி, முஹ்ஸினா வரைஞ்சதை அவ பேரைச் சொல்லியே வரைஞ்சு விளக்கிட்டு இறங்கினா. நான் கடைசி வரிசையில உக்காந்து சாரித் தலைப்பால வாயை அடைச்சுக்கிட்டு அழுதேன். எட்டு வருஷத்தை அவ பலகை துடைக்கிற துணியாலயே துடைச்சிட்டு வந்தா.

ஊருக்கு வந்ததும் அப்பாகிட்ட சொல்லணுமே. மறைக்க மாட்டா. "அப்பா, நம்ம தேற்றம் பிழையாப் போச்சு"ன்னா. ரெங்கசாமி கொஞ்ச நேரம் இருமிட்டுக் கேட்டாரு, "நீ மட்டும் செஞ்ச பிழையா?"

"இல்லப்பா, ரெண்டு பேரும்."

"அப்ப என்னா? ரெண்டு பேரு செஞ்ச பிழையை ரெண்டு பேரும் சொல்லிட்டாச் சரி. தம்பி என்னா சொல்லுது?"

தம்பி அடுத்த மாசமே பதுளைக்கு வந்தான், அக்கா மகளுக்குச் சடங்கு. நானும் ஜெயந்தினியும் கடைக்கு மேல இருக்கிற அவங்க வீட்டுக்குப் போனோம். வாசல்ல வாழைமரம், உள்ள பாட்டுச் சத்தம். எங்களைப் பாத்ததும் தனி அறைக்குக் கூட்டிட்டுப் போய் லட்டுத் தட்டை எங்க பக்கம் தள்ளினான்.

"எப்பத் தெரியும்?"ன்னு கேட்டா ஜெயந்தினி.

"உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எல்லாருக்கும்னா, அப்ப நான் யாரு?"

அவன் லட்டுத் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினான். அவ விடல. "வாராவாரம் உன்கிட்டதானே விளக்கினேன். எந்த வரியில அதை வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?"

"வேலை நிரந்தரமாகிற நேரம் அது, ஜெயந்தினி. என் பேருல இருந்த பெரிய வேலையே அது ஒண்ணுதான். அப்ப வெளிய வந்திருந்தா நான் என்னாகியிருப்பேன்?"

"என்கிட்ட சொல்றது வெளிய வர்றதா?"

"நீ சும்மா இருப்பியா? மறுநாளே எழுதிப் போட்டுருவ. உன்னை எனக்குத் தெரியாதா?"

பாத்தீங்களா? அவ நேர்மையானவங்கிறதுதான் அவகிட்ட மறைச்சதுக்குக் காரணமாம்! எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. "வேலை கிடைச்ச பிறகு சொல்லியிருக்கலாமேடா, நாசமாப் போறவனே. செய், செய்னு ஏன்டா சொன்ன?"ன்னு கத்திட்டேன். பாட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு, "நாள் போகப் போகச் சொல்ல வாய் வரல"ன்னான். அது மட்டும் உண்மையா இருக்கலாம்.

ஜெயந்தினி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. ரெண்டு பேரும் சேந்து, ரெண்டு பேரு பேரையும் போட்டு, எங்க துணைத்தேற்றம் பிழை, பிழை இன்ன இடத்துலன்னு அதே சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் எழுதணும். அவ்வளவுதான். அவன் உடனே, "நானே எழுதி அனுப்புறேன், நீ பாத்துச் சரின்னா போதும்"னான். படி இறங்குறப்ப அவ முகத்துல ஒரு தெளிவு. "ஒத்துக்கிட்டான்டி"ங்கிறா! அடிப்பாவி, உன்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கினவன்டின்னேன். "பிழையை ஒத்துக்கிறவன் கெட்டவன் இல்ல, விஜி"ன்னு எனக்குப் பாடம் நடத்துறா. அப்பாகிட்டயும் போய், "மதுரன் எழுதுறேன்னு சொல்லிருச்சுப்பா"ன்னு சொல்லியிருக்கா. "நான்தான் சொன்னேனே"ன்னாராம் அவரு.

மாசம் போச்சு. "எழுதிக்கிட்டு இருக்கேன்"னான். இன்னும் கொஞ்ச மாசம் போச்சு. "முடியப் போகுது"ன்னான். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வர்ற நேரம் ஜெயந்தினி போன் பண்ணி, வீட்டுக்கு வான்னா. ஒரு சஞ்சிகையில இருந்து அவளுக்கு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு, சரியா பிழையான்னு பாத்துச் சொல்லச் சொல்லி. இது அந்த உலகத்து வழக்கம். கட்டுரை எழுதினவன் யாருன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியும், பாக்கிறது யாருன்னு எழுதினவனுக்குத் தெரியாது. அதை வெளிய சொல்லவும் கூடாதாம். அவ என்கிட்ட சொன்னா, நான் உங்ககிட்ட சொல்லிட்டேன், போங்க.

தலைப்பு, 'ரெங்கசாமி துணைத்தேற்றத்துக்கு ஓர் எதிர் உதாரணம்.' எழுதினது மதுரன், தனியா.

உதாரணம் அந்த வயசான பேராசிரியர் வாயால சொன்ன அதேதான். உள்ள முழுக்க ரெங்கசாமி சொன்னது, ரெங்கசாமி விட்டது, ரெங்கசாமியோட பிழை. தானும் சேந்து எழுதினதுன்னு கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல, உசாத்துணை நூல் பட்டியல் வரியில மட்டும்தான் தெரியும். திருத்தம் எழுதுறேன் எழுதுறேன்னு இதைத்தான் உக்காந்து எழுதியிருக்கான். பேச்சு வழக்குல பேரு சுருங்கினது அவனுக்கு எவ்வளவு வசதியாப் போச்சு!

"பிழைன்னு எழுதி அனுப்பு. குப்பைன்னு எழுது. உன் கைக்குத்தானே வந்திருக்கு, கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காரு"ன்னு நான் குதிச்சேன். அவ காதுலயே வாங்கல. வரி வரியாப் படிச்சா, ஒரு கிழமை, ஏழு நாளும் படிச்சா. அதுல மூணாம் பகுதியில ஒரு இடம் உண்மையிலயே ஓட்டை. அந்த ஓட்டையை வச்சே கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. இவ என்ன செஞ்சா தெரியுமா? உக்காந்து அந்த ஓட்டையை அடைச்சா. சரியான நிறுவலைத் தானே எழுதி, "இப்படி மாத்தினா இது முழுசா சரி, வெளியிடலாம்"னு போட்டா. நான் தலையில அடிச்சிக்கிட்டேன். "உதாரணம் சரியா இருக்கே, விஜி. சரியானதை நான் எப்படிப் பிழைன்னு எழுதுவேன்?"னு கேட்டா. கண்ணு ரெண்டும் சிவந்து கிடந்துச்சு. கடைசியில ஒரே ஒரு குறிப்பு மட்டும் சேத்தா. 'தலைப்பில் துணைத்தேற்றத்தின் பெயர் முழுமையாக இல்லை. இரண்டாவது பெயரும் சேர்க்கப்பட வேண்டும்.'

போன மாசம் கட்டுரை வெளி வந்துச்சு. அவ போன்லயே எனக்குக் காட்டினா. மூணாம் பகுதியில அவ எழுதின நிறுவல் அப்படியே இருக்கு. கீழ, 'இப்பகுதியைச் சீர்செய்து தந்த பெயர் அறியா மதிப்பீட்டாளருக்கு நன்றி'ன்னு இருக்கு. தலைப்பு மாறியிருக்கு. 'நாற்பரிமாண வெளிகளில் ஒரு துணைத்தேற்றம் பற்றி.' தன் அப்பன் பேரைச் சேக்கச் சொன்னா, இவ அப்பன் பேரையும் தூக்கிட்டான். முஹ்ஸினா போன் பண்ணி அழுதுச்சு. அங்க இப்ப அதுக்குப் பேரு தங்கராஜா உதாரணமாம். செமினார்ல எல்லாம் அப்படித்தான் சொல்றாங்களாம்.

ஜெயந்தினிக்குக் கோபம் வரும்னு காத்திருந்தேன். வரல. "ஒரு பேரு கேட்டேன், விஜி. அவ்வளவுதானே கேட்டேன்"னு சொல்லிட்டு, என் மடியில தலையை வச்சு சின்னப் புள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதா. எட்டு வருஷம் போனதுக்குக்கூட அவ இப்படி அழல.

ஞாயித்துக்கிழமை அவ கூட லுணுகலைக்குப் போனேன். ரெங்கசாமி இப்ப எந்திரிச்சு நடக்கிறதில்ல, சுவர்ல தலகாணியை வச்சு சாஞ்சபடிதான். மகளைப் பாத்ததும் கேட்டாரு, "அந்தத் திருத்தம் வந்திருச்சா பாப்பா? எம் பேரு இருக்கா?"

அவ பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கிட்டா. "இல்லப்பா. எடுத்துட்டாங்க. இப்ப தங்கராஜா மொதலாளி பேருதான் இருக்கு."

"மொதலாளி பேரு மட்டுமா?" மூச்சு வாங்கிட்டு மறுபடி கேட்டாரு, "யாரு எடுத்தது?"

அவ தலகாணியைச் சரி பண்ணினா. நான்தான் சொன்னேன், "மதுரன், மாமா. அவன்தான் எடுத்தான்."

ரெங்கசாமி என்னைப் பாத்தாரு. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிட்ட மாதிரி பாத்தாரு. அப்புறம் மகளோட கையைத் தட்டிக் குடுத்து, "சேச்சே, அந்தத் தம்பி அப்படிச் செய்யாது. இது வேற யாரோ வெள்ளைக்காரன் வேலை. தம்பிக்கு இது தெரிஞ்சிருக்காது, பாவம். நீ ஒரு போன் போட்டுச் சொல்லு, அது உடனே சரி பண்ணிரும்"னாரு.

"சரிப்பா, சொல்றேன்"னா ஜெயந்தினி.